ஒவ்வொரு விளக்காக

கார்த்திகை மாதத்து மழை இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆயினும் கடைவீதிக்கு நத்தார் வந்து பல நாளாயிற்று. துணிக்கடை வாயிலிற் பஞ்சினாற் பனி செய்து தூவியிருக்கின்றார்கள். பனியையே கண்டறியாத எமது நாட்டிலே, செந்நிற அங்கியும் வெண்டாடியும் தரித்த நத்தார்த் தாத்தா வியர்வை வழிய நின்று பிள்ளைகளுக்குக் கைகொடுக்கின்றார். ஒலிபெருக்கி ஓயாது பாடுகின்றது. மலிவு விற்பனையை அறிவிக்கும் பதாகைகள் தெருவின் குறுக்கே தொங்குகின்றன. இவற்றைக் காண்போர், கிறிஸ்தவர்களுடைய திருநாள் தொடங்கிவிட்டது என்றே கொள்வர்.

ஆனால் அதே வீதியின் அந்தத்திலுள்ள தேவாலயத்தினுள் இன்று காலை சென்றவர் வேறொரு காட்சியைக் கண்டிருப்பர். பீடத்தில் மலரலங்காரம் குறைந்திருக்கும். குருவானவர் ஊதாநிறத் திருவுடை தரித்திருப்பார். ஞாயிறுதோறும் பாடப்பெறும் வானவர் கீதம் இன்று பாடப்பட்டிராது. நத்தார்ப் பாடல் ஒன்றேனும் ஒலித்திராது. பச்சையிலைகளாற் புனைந்த வளையம் ஒன்றில் நான்கு மெழுகுதிரிகள் நிற்க, அவற்றுள் ஒன்று மாத்திரமே எரிந்துகொண்டிருக்கும்.

வெளியே விழா, உள்ளே விரதம். கடைவீதிக்கு நத்தார் வந்துவிட்டது. கோயிலுக்கு இன்னும் வரவில்லை. கோயில் காத்திருக்கின்றது. அந்தக் காத்திருப்புக்கே திருவருகைக் காலம் என்று பெயர். அதன் முதலாவது ஞாயிறு இன்று.

சைவனாகிய நான் இதனைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். அயல்வீட்டார் எதற்காக விளக்கேற்றுகின்றனர் என்பதை அறிந்துகொள்வது நல்ல அயலவர்க்கு அழகு. அன்றியும், இக்காலத்தின் பொருளை நூல்களிற் கற்பதற்கு முன்னர், நான் அதனை ஒரு வேலியின் இப்புறத்தில் நின்று கற்றேன். அக்கதையைப் பின்னர்ச் சொல்வேன்.

வருகை என்னும் சொல்

இலத்தீன் மொழியில் 'அத்வெந்துஸ்' என்றால் வருகை. உரோமைப் பேரரசர் ஒரு நகருக்கு முறைப்படி எழுந்தருளும் வைபவத்தையும் அச்சொல்லாற் குறித்தனர். அரசர் வருகின்றார் என்றால் நகரம் வாளா இருக்குமா? மக்கள் நகர வாயிலைக் கடந்து சென்று அவரை எதிர்கொள்வர். அச்சொல்லையே கிறிஸ்தவர்கள் தம் ஆண்டவரின் வருகைக்கு எடுத்தாண்டனர். தமிழில் முன்னர் 'ஆகமன காலம்' என வழங்கியது இப்பொழுது 'திருவருகைக் காலம்' எனப் பெரிதும் வழங்குகின்றது.

நவம்பர் 30ஆந் திகதி புனித அந்திரேயரின் திருநாள். அந்நாளுக்கு மிக அண்மையில் வரும் ஞாயிறே இக்காலத்தின் தொடக்கம். ஆகவே அது நவம்பர் 27ஆந் திகதிக்கு முந்துவதுமில்லை. டிசெம்பர் 3ஆந் திகதிக்குப் பிந்துவதுமில்லை. நத்தாருக்கு முன் நான்கு ஞாயிறுகள் இதனுள் அடங்கும். ஆண்டுக்கு ஆண்டு இதன் நீளம் 22 நாள் முதல் 28 நாள் வரை வேறுபடும்.

மேலைத் திருச்சபைகளின் வழிபாட்டு ஆண்டு சனவரி முதலாந் திகதியிலோ, நத்தார் நாளிலோ தொடங்குவதில்லை. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றிலேயே தொடங்குகின்றது. ஒரு சமயத்தார் தமது ஆண்டின் முதல் நாளைப் பெறுகின்ற நாளாக வையாது, எதிர்பார்க்கின்ற நாளாக வைத்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இவ்வழக்கம் மிகப் பழையது. பிரான்சு நாட்டுத் தூர் நகரத்தின் ஆயராக ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விளங்கிய பெர்ப்பெத்துவஸ் என்பார், நவம்பர் 11ஆந் திகதியாகிய புனித மார்த்தினார் திருநாள் தொடக்கம் நத்தார் வரை வாரத்தில் மூன்று நாள் உபவாசம் இருக்கும்படி விதித்தார் என்பர். கீழைத் திருச்சபைகளில் நத்தாருக்கு முன் நாற்பது நாள் நோன்பு இன்றும் உண்டு. மேலைத் திருச்சபைகளில் உபவாசம் காலப்போக்கிற் குறைந்தது. காத்திருப்பு மாத்திரம் எஞ்சியது.

ஊதா நிறத்தைக் கண்டு இதனைத் துக்க காலம் என்று எண்ணிவிடலாகாது. யேசுநாதரின் பாடுகளை நினைக்கும் தவக்காலத்தில் 'அல்லேலூயா' என்னும் மகிழ்ச்சிக் குரலையும் கத்தோலிக்கர் நிறுத்திவிடுவர். திருவருகைக் காலத்தில் அதனை நிறுத்துவதில்லை. மூன்றாம் ஞாயிற்றில் ஊதாவுக்குப் பதிலாக ரோசா நிற உடை தரிக்கும் வழக்கமும் உண்டு. இருள் முற்றும் விலகுமுன் கீழ்வானம் சிவப்பது போன்றது அது. மணநாளுக்கு முந்திய வாரங்களிற் பெண்வீட்டில் ஒரு மகிழ்ச்சி உண்டன்றோ? அங்கே மேளம் இன்னும் முழங்கவில்லை. ஆயினும் வீட்டிலுள்ளார் எவரும் சோர்ந்திருப்பதில்லை. திருவருகைக் காலத்து மகிழ்ச்சி அவ்வகையானது.

யாருடைய வருகை? பெத்லகேமில் நிகழ்ந்த பிறப்பை நினைப்பது ஒன்று. உலக முடிவில் அவர் மீண்டும் வருவார் என நம்பி எதிர்பார்ப்பது மற்றொன்று. முன்னது நடந்து முடிந்தது. பின்னது இனி நடக்கவேண்டியது. இவ்விரண்டுக்கும் நடுவில் மூன்றாவதொரு வருகை உண்டு என்று கிளேர்வோ மடத்தின் தலைவராயிருந்த புனித பெர்னாட் (1090–1153) போதித்தார். அது கண்ணுக்குப் புலப்படாதது. ஒவ்வோர் ஆன்மாவினுள்ளும் நாள்தோறும் நிகழக்கூடியது. முதல் வருகைக்குச் சாட்சி வரலாறு. கடைசி வருகைக்குச் சாட்சி நம்பிக்கை. நடு வருகைக்கோ சாட்சி அவரவர் வாழ்க்கையேயன்றி வேறில்லை.

மூவர் காட்டும் வழி

இந்நான்கு வாரங்களிலும் கோயில்களில் மூவரைப் பற்றிய வாசகங்கள் மீண்டும் மீண்டும் வரும். முதல்வர் ஏசாயா தீர்க்கதரிசி. யேசுநாதருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். தம் கண்ணாற் காணப்போகாத ஒன்றை எதிர்பார்த்து மக்களைத் தேற்றியவர். தாம் காணாவிடினும் பேரன் காண்பான் என்று பனங்கொட்டை புதைக்கும் முதியவரை எமது ஊர்களிற் கண்டிருக்கின்றோம். ஏசாயாவின் காத்திருப்பு அத்தகையது.

இரண்டாமவர் திருமுழுக்கு யோவான். வனாந்தரத்தில் வாழ்ந்து, ஆண்டவருக்கு வழியை ஆயத்தம் செய்யுங்கள் என்று முழங்கியவர். அவருடைய முழக்கத்தைக் கேட்டு அஞ்சிய மக்கள், அப்படியானால் நாங்கள் செய்யவேண்டியது என்ன என்று வினாவியதாக லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரம் கூறும். அவர் அளித்த மறுமொழியை ஊன்றி நோக்க வேண்டும். எல்லோரும் வீட்டை விட்டு வனத்துக்கு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு அங்கி உடையவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கவேண்டும். உணவுடையவனும் அவ்வாறே செய்யவேண்டும் என்றார். வரி தண்டுவோர் வந்து கேட்டபோது, விதித்த தொகைக்கு மேல் வாங்காதீர்கள் என்றார். போர்வீரர் வந்து கேட்டபோது, எவரையும் மிரட்டிப் பறிக்காதீர்கள், உங்கள் சம்பளம் போதுமென்றிருங்கள் என்றார்.

எவ்வளவு எளிய மறுமொழி! வரி தண்டுபவன் வரி தண்டுபவனாகவே இருக்கலாம், நேர்மையாக இருக்கவேண்டும். வீரன் வீரனாகவே இருக்கலாம்; வலிமையற்றவனை வருத்தலாகாது. இதனை இன்றைக்கு ஒப்பிட்டுப் பார்ப்போம். கடைக்காரர் நிறுவையில் நேர்மையாயிருப்பதும், கந்தோரிலே கோவையைத் தாமதியாது அனுப்புவதும், ஆசிரியர் வகுப்பிற் பின்வாங்கிலிருக்கும் பிள்ளையையும் பார்த்துப் பாடஞ் சொல்வதும் வருகைக்கு வழி திருத்தும் பணிகளேயாம். வழி என்பது வனத்தில் இல்லை. அவரவர் தொழிலில் இருக்கின்றது.

மூன்றாமவர் மரியன்னை. அவருடைய காத்திருப்பு கருவுற்ற தாயின் காத்திருப்பு. எத்துணை அவசரப்படினும் மாதங்களைக் குறைத்தல் இயலாது. ஆயினும் அவர் வாளா இருந்தாரல்லர். முதுமையிற் கருவுற்றிருந்த உறவினளாகிய எலிசபெத்தின் வீட்டுக்கு மலைநாட்டு வழியே விரைந்து சென்று, ஏறக்குறைய மூன்று மாதம் அங்கே தங்கினார் என்று சுவிசேஷம் கூறுகின்றது. தமக்கு வரவேண்டியதை எதிர்நோக்கியிருப்பவர், அக்காலத்தைப் பிறருக்கு உதவுவதிற் கழிக்கலாம் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

மார்கழியின் அயலில்

திருவருகைக் காலத்தின் பிற்பாதியில் எமது மார்கழி பிறந்துவிடுகின்றது. பல ஆண்டுகளில், கோயில் வளையத்தில் மூன்றாம் நான்காம் திரிகள் எரியும் நாட்களிலேயே, விடியற்புறத்திற் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடி வருவோரின் குரல் எமது ஒழுங்கைகளில் எழுகின்றது. மணிவாசகப் பெருமான் திருவண்ணாமலையில் அருளிய அவ்விருபது பாடல்களின் தொடக்கத்தில், முன்னெழுந்த பெண்கள் இன்னும் துயிலும் தோழியரின் வாயில்தோறும் சென்று எழுப்புகின்றனர். இன்றைய ஞாயிற்றிற் கிறிஸ்தவ ஆலயங்களில் வாசிக்கப்படும் சுவிசேஷப் பகுதியும் விழித்திருக்கும்படியே எச்சரிக்கின்றது. வீட்டுத் தலைவன் எவ்வேளையில் வருவான் என அறியாத வேலைக்காரன் உறங்கலாகாது என்பது அதன் கருத்து.

இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடுவது எளிது. ஆயின் அஃது இரு சமயத்தாருக்கும் நேர்மை செய்வதாகாது. கிறிஸ்தவருக்கு ஆண்டவரின் வருகை வரலாற்றில் ஒரு காலத்தில், ஓர் ஊரில், ஒரு தாயின் வயிற்றில், எல்லார்க்குமாக ஒருமுறை நிகழ்ந்தது. சைவருக்கோ இறைவன் என்றும் உயிரோடு உடனிருப்பவன். உயிரே உறக்கத்தினின்றும் விழிக்கவேண்டும். எனினும் சிவஞானபோதத்தின் எட்டாஞ் சூத்திரமும் ஒரு வருகையைப் பற்றியே பேசுகின்றது. வேடர் நடுவே வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனிடம் தந்தையாகிய அரசன் வந்து, நீ என் மகன் என்று உணர்த்துவது போல, ஐம்புலன்களின் நடுவே தன்னை மறந்திருக்கும் உயிர் பக்குவப்பட்ட காலத்தில் இறைவன் குருவாய் வந்து உணர்த்துகின்றான். பெர்னாட் முனிவர் கூறிய நடு வருகையை நான் முதன்முதலிற் படித்தபோது இச்சூத்திரமே நினைவுக்கு வந்தது. வேறுபாட்டை மறைக்காமலே உறவைக் காணலாம். பக்குவம் ஒரே நாளில் வருவதன்று என்பதில் இருவருக்கும் ஒருமைப்பாடு உண்டு.

வண்டிச் சில்லும் ஜாம் போத்தலும்

இன்று தேவாலயங்களிலும் வீடுகளிலும் காணப்படும் நான்கு திரி வளையத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஜேர்மனி நாட்டு ஹம்பேர்க் நகரின் புறத்தே ஜொகான் ஹின்றிக் விக்கேர்ண் என்னும் புரட்டஸ்தாந்து போதகர், ஆதரவற்ற ஏழைச் சிறுவருக்கென 1833ஆம் ஆண்டில் ஓர் இல்லம் அமைத்தார். நத்தார் எப்போது வரும், இன்னும் எத்தனை நாள் என்று சிறுவர்கள் நாள்தோறும் அவரை நச்சரித்தனர். 1839ஆம் ஆண்டில் அவர் பழைய வண்டிச் சில்லு ஒன்றை எடுத்து, ஞாயிறுகளுக்குப் பெரிய வெண்டிரிகள் நான்கும், ஏனைய நாட்களுக்குச் சிறிய செந்திரிகளும் அதிற் பொருத்தினார். நாளுக்கு ஒரு திரி கூடுதலாக ஏற்றப்பட்டது. எத்தனை நாள் என்ற வினாவுக்கு விடையைச் சிறுவர்கள் தாமே எண்ணிக்கொண்டனர். அந்தச் சில்லே பிற்காலத்திற் பச்சையிலை சுற்றப்பெற்று, நான்கு திரிகளாகச் சுருங்கி, இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் பரவியது.

அவர் சிறுவர்களுக்கு விடை மாத்திரம் கொடுக்கவில்லை. காத்திருக்கும் முறையையும் கொடுத்தார். எல்லாத் திரியையும் ஒரேநாளில் ஏற்றிவிட்டிருந்தால் அறை ஒளிர்ந்திருக்கும். பிள்ளைகள் ஒன்றும் கற்றிருக்கமாட்டார்கள்.

நான் முன்னர்ச் சொன்ன வேலிக் கதை இங்கேதான் தொடங்குகின்றது. 1990ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்ட பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாது போயிற்று. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. ஜாம் போத்தலின் அடியிற் சிறிது பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மாத்திரம் எண்ணெய் விட்டு, மெல்லிய திரியொன்றை நிறுத்தி எரிப்போம். அவ்வொளியில் ஒரு தலைமுறையே படித்தது.

1993ஆம் ஆண்டு. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். எமது வேலிக்கு அப்பால் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அவ்வீட்டு அம்மாவை நான் மாமி என்றழைப்பேன். மாமா ஆவணி மாதத்தில், கிளாலிக் கடலேரியை இரவிற் படகேறிக் கடந்து, அலுவலாகக் கொழும்புக்குச் சென்றிருந்தார். பின்பு ஒரு கடிதம் வந்தது, அப்பால் ஒன்றுமில்லை. அக்காலத்திற் கடிதங்கள் மாதக்கணக்கில் தாமதித்தன. கிளாலியிற் படகுகள் தாக்கப்பட்ட செய்திகளோ தாமதியாது வந்தன.

அவ்வாண்டுத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு மாலை மாமி வீட்டு விறாந்தையில் நான்கு ஜாம் போத்தல்கள் வரிசையாக இருந்தன. மெழுகுதிரிக்கு அக்காலத்தில் எங்கே போவது! நான்கிலும் திரி இருந்தது; ஒன்றுதான் எரிந்தது. நான் வேலிப் பொட்டினூடாகப் பார்த்துக் கேட்டேன். அவர் சொன்ன மறுமொழியை அவர் சொன்னபடியே எழுதுகின்றேன்.

"மாமி, நாலு விளக்கு இருக்குதே. ஏன் ஒண்டை மட்டும் கொளுத்தியிருக்கிறியள்? எண்ணெய் இல்லையோ?"

"எண்ணெய் பீப்பாக்கணக்கில இருந்தாலும் இண்டைக்கு ஒண்டுதான், தம்பி."

இல்லாமையால் ஒன்றை மாத்திரம் ஏற்றுவது வேறு; இருந்தாலும் ஒன்றையே ஏற்றுவது வேறு. எல்லாமே இல்லையென்றிருந்த அந்நாட்களில், இவ்வேறுபாட்டை அறிந்த ஒருவரை நான் முதன்முதலாகக் கண்டேன்.

செபம் முடியும் வரை விளக்கு எரியும், பின்பு அணைத்துவிடுவார். அடுத்த ஞாயிறு இரண்டு. அதற்கடுத்த ஞாயிறு மூன்று. மூன்றாம் வாரத்தில் எனக்கு ஆண்டிறுதிச் சோதனை. எங்கள் வீட்டில் எண்ணெய் முடிந்துவிட்டது. அம்மா எவரிடமும் கேட்கவில்லை. எவ்வாறு அறிந்தாரோ, அரைப் போத்தல் எண்ணெய் வேலிக்கு மேலால் வந்தது. "பிள்ளைக்குச் சோதினை எல்லோ" என்று மட்டும் மாமி சொன்னார். இரண்டு அங்கி உடையவனைப் பற்றி நான் பின்னாளிற் படித்தபோது அந்தப் போத்தலே என் கண்முன் நின்றது.

மற்றொன்றும் சொல்லவேண்டும். சனிக்கிழமை தோறும் மாமி மாமாவின் சயிக்கிளை வெளியே எடுத்துத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் பூசி, சில்லுகளுக்குக் காற்றடித்து, மீண்டும் உள்ளே நிறுத்துவார். அதில் ஏறிச் செல்ல வீட்டில் எவருமில்லை. ஆயினும் அவ்வேலை ஒரு கிழமையேனும் தவறவில்லை.

நத்தார் வந்தது. நான்கு விளக்கும் எரிந்தன. எங்கோ பொத்தி வைத்திருந்த ஒற்றை மெழுகுதிரியும் நடுவில் எரிந்தது. மாமா வரவில்லை. பலகாரம் கொடுக்க வந்த மாமியிடம் சிறுவனாகிய நான் கேட்கத் தகாத ஒன்றைக் கேட்டுவிட்டேன்.

"மாமா வரேல்லையே, மாமி. பிறகேன் எல்லாத்தையும் கொளுத்தினனீங்கள்?"

அவர் கோபிக்கவில்லை. "பாலன் வந்திட்டார் தம்பி. மாமாவை நான் இன்னும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார்.

வந்துவிட்ட ஒன்றும் வரவேண்டிய ஒன்றுமாக இரண்டு வருகைகள் உண்டு என்று சமய நூலார் விரித்துரைப்பதை அவர் இரண்டு வாக்கியத்திற் சொல்லி முடித்தார். நத்தார் வந்ததனாற் கிறிஸ்தவரின் காத்திருப்பு முடிந்துவிடுவதில்லை. நம்பிக்கை கொள்வதற்கு ஓர் ஆதாரம் கிடைக்கின்றது. அவ்வளவே.

பூட்டிய கதவு

மாமா தை மாதக் கடைசியில் ஒருநாட் காலை வந்து சேர்ந்தார். மறுநாளே சயிக்கிளில் ஏறிச் சந்தைக்குப் போனார். சில்லுகளிற் காற்று இருந்தது.

ஆனால், அன்பர்களே, இக்கதையை இங்கே முடித்துவிட்டு, காத்திருந்தால் வருவார் என்று ஒரு நீதி எழுதுவேனாயின் நான் பொய்யனாவேன். எமது நாட்டில் வராதவர்கள் பலர். போர் முடிந்தது 2009ஆம் ஆண்டில். அதன் பின்னும் தம் மக்களுடைய படங்களைக் கையிலேந்தி, பதில் கேட்டுத் தெருவோரத்தில் இருந்த தாய்மாரை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். அவர்களுட் சைவரும் உளர், கிறிஸ்தவரும் உளர். பொறுமையாயிருங்கள் என்று அவர்களுக்குப் போதிக்க எவருக்கும் உரிமையில்லை. கேட்டுக்கொண்டேயிருப்பதும் ஒருவகைக் காத்திருப்பே.

ஆகையினால் திருவருகைக் காலத்தின் பொருளை, வந்தவர்களைக் கொண்டு மாத்திரம் அளக்க முடியாது. இவ்விடத்தில் இன்னொருவரை நினைக்கின்றேன். அல்பிரெட் டெல்ப் என்பார் ஜேர்மனிய யேசு சபைக் குரு. ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்த அறிஞர் குழு ஒன்றைச் சார்ந்தவர். 1944ஆம் ஆண்டு யூலை மாதத்திற் கைதாகிப் பின்னர்ப் பேர்லினின் தேகெல் சிறையில் அடைக்கப்பட்டார். அவ்வாண்டு டிசெம்பரில், விலங்கிட்ட கைகளோடு, சிறு சிறு தாள்களில் அவர் எழுதியவை திருவருகைக் காலத்தைப் பற்றிய சிந்தனைகள். சலவைக்குச் செல்லும் துணிகளில் மறைத்து அவை வெளியே கொண்டுவரப்பட்டன. அக்காலத்தின் பொருளை அவர் எழுதியது தேவாலயத்திலிருந்தன்று. உள்ளிருந்து திறக்க முடியாத கதவின் பின்னிருந்து. 1945ஆம் ஆண்டு பெப்புருவரி 2ஆந் திகதி அவர் தூக்கிலிடப்பட்டார். அந்நாள் கிறிஸ்தவ ஆலயங்களிலே திரிகளை ஆசீர்வதித்து ஏற்றும் திருநாள்.

அவருக்காகச் சிறைக்கதவு திறக்கவில்லை. ஆயினும் அவர் காத்திருந்த காலம் வீணாயிற்று என்று யார் சொல்வார்? விடுதலை வந்தபின் வாழ்வேன் என்று அவர் தள்ளிவைக்கவில்லை, காத்திருந்தபடியே வாழ்ந்தார். திருவருகைக் காலம் கற்பிப்பது இதுவென்றே நான் கருதுகின்றேன். காத்திருத்தல் வாழ்வுக்கு முன்னர்க் கழிக்கவேண்டிய வெறுங்காலமன்று, அதுவும் வாழ்வே. அதனைச் சோம்பலாகவும் கழிக்கலாம், சினமாகவும் கழிக்கலாம், செப்பனிடும் பணியாகவும் கழிக்கலாம்.

இன்று முதலாவது விளக்கு

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கேட்டது கேட்டவுடன் கைத்தொலைபேசியில் வந்துவிடுகின்ற காலம் இது. ஆயினும் பரீட்சைப் பெறுபேறும், பல்கலைக்கழக அனுமதியும், வேலையும் அவ்வாறு வருவதில்லை. இடையில் மாதங்கள் செல்லும். அம்மாதங்களைச் சபித்துக் கழிப்போரையும், அவற்றில் ஒரு மொழியைக் கற்று முடிப்போரையும் நான் ஒரே வகுப்பிற் கண்டிருக்கின்றேன். இருவருக்கும் பெறுபேறு ஒரேநாளில் வந்தது. வந்த நாளில் இருவரும் ஒரே நிலையில் இருக்கவில்லை.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அயலவனாகிய நான் போதிக்கத் தகுதியுடையேன் அல்லேன்; ஒரு வேண்டுகோள் மாத்திரம் விடுப்பேன். கடைவீதி உங்களை அவசரப்படுத்தினாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள். இந்நான்கு வாரங்களையும் உங்கள் பிள்ளைகளுக்கு முழுமையாகக் கொடுங்கள். முதல் வாரத்தில் ஒருவரோடு இருந்த பிணக்கைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரத்தில் வாங்கிய கடனொன்றைத் திருப்பிக் கொடுங்கள். மூன்றாம் வாரத்தில் வேலிக்கு அப்பால் எண்ணெய் இல்லாத வீடு எதுவென்று பாருங்கள். நான்காம் வாரத்திற் சிறிது மௌனமாயிருங்கள். விளக்கோடு சேர்ந்து வீடும் சிறிது சிறிதாக ஒளி பெறும்.

ஏனைய அன்பர்களாகிய நாம், இன்று மாலை அயல்வீட்டு விறாந்தையில் நான்கு திரிகளுள் ஒன்று மட்டும் எரியக் கண்டால், மற்ற மூன்றையும் ஏன் ஏற்றவில்லை என்று வியக்கவேண்டியதில்லை. எண்ணெய் இல்லாமையால் அன்று. இன்றைக்கு ஒன்றுதான்.